அரண்டவன் கண்ணும் இருண்ட பேயும்



"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்னும் பழமொழியைக் கேட்டிராதவர் நம்மில் இருக்க முடியாது. வீட்டில் பாட்டி சொல்லியிருப்பார். தமிழ்த் தேர்வில் 'பழமொழியை விளக்குக' என்ற வினாவுக்கு நீங்களே விடை எழுதியிருப்பீர்கள். "பயந்தவனுக்குப் பார்ப்பதெல்லாம் பயமாகவே தோன்றும்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அறிவியல் படிக்கும் மாணவருக்கு அந்த ஒரு வரி போதுமா? ஏன் அப்படித் தோன்றுகிறது? எப்படித் தோன்றுகிறது? அவன் கண்டது பொய்யா, அல்லது கண்டதற்கு அவன் வைத்த பெயர்தான் பொய்யா? இவற்றையும் கேட்க வேண்டும் அல்லவா?

பழமொழியில் இருப்பவை நான்கே சொற்கள்: அரண்டவன், கண்ணுக்கு, இருண்டதெல்லாம், பேய். முதற்சொல்லில் உடலியல் இருக்கிறது. இரண்டாவதில் மூளையின் வேலை, மூன்றாவதில் பார்வையின் எல்லை, நான்காவதில் தூக்கத்தின் விந்தை. சொல் சொல்லாகப் பார்ப்போம்.

1. அரண்டவன்

பயம் வந்தால் உடம்பில் என்ன நிகழ்கிறது? இதை அறிய உடனே ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர்ப் பேச்சைக் கவனித்தாலே போதும். நெஞ்சு படபடத்தது, வயிற்றில் புளியைக் கரைத்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மயிர் சிலிர்த்தது, வியர்த்து விறுவிறுத்தது, ஈரற்குலை நடுங்கியது, பேயறைந்தவன் போல் முகம் வெளுத்தது! இவை வெறும் அலங்காரப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். தலைமுறை தலைமுறையாக மக்கள் தம் உடம்பைத் தாமே கவனித்து, எழுதாமல் எழுதிவைத்த குறிப்புகள் இவை.

நம் இரு சிறுநீரகங்களின் மேலும் குல்லாய் வைத்தாற்போல ஒரு சிறு சுரப்பி உள்ளது. அதற்கு அட்ரினல் சுரப்பி என்று பெயர். ஒவ்வொன்றின் எடையும் சுமார் 4 அல்லது 5 கிராம்தான். ஆபத்து என்று மூளை கருதியவுடன் பரிவு நரம்புகள் வழியாகச் செய்தி பறக்கிறது. அட்ரினல் சுரப்பி அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கிறது. இப்பொருளை 1901 இல் தூய படிக வடிவில் பிரித்தெடுத்தவர் ஜோகிச்சி தாக்காமினே என்னும் ஜப்பானிய வேதியியலார்.

பரிவு நரம்புகளும் அட்ரினலினும் சேர்ந்து செய்யும் வேலையை ஒரே வரியில் சொல்லலாம்: 'ஓடு, அல்லது எதிர்த்து நில்' என்பதற்கு உடம்பை ஆயத்தம் செய்கின்றன. ஓட வேண்டுமானால் கால் தசைகளுக்கு நிறைய இரத்தம் தேவை. ஆகவே இதயம் வேகமாக அடிக்கிறது. அதுவே நெஞ்சின் படபடப்பு. தோலுக்குச் செல்லும் நுண்குழாய்கள் சுருங்குகின்றன. அதுவே முகத்தின் வெளுப்பு. உள்ளங்கை வியர்க்கிறது. உமிழ்நீர் குறைகிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

மயிர் ஏன் சிலிர்க்கிறது? ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் ஒரு மெல்லிய தசை உண்டு. அது சுருங்கும்போது மயிர் நிமிர்கிறது. நாயைக் கண்ட பூனையைப் பாருங்கள். முதுகை வளைத்து, மயிரை விறைத்து, இருமடங்கு பெரிதாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். அடர்ந்த உரோமம் கொண்ட விலங்குக்கு அதனால் பயன் உண்டு. நமக்கு உரோமம் குறைந்துவிட்டது. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. சார்லஸ் டார்வின் 1872 இல் மனிதர், விலங்குகளின் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் இந்த மயிர்ச்சிலிர்ப்பையும் விரிவாக ஆராய்ந்தார்.

வயிற்றில் புளியைக் கரைக்கும் கதை இன்னும் சுவையானது. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டது 1895 இல். அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன் அவற்றைக் கொண்டு பூனையின் செரிமானத்தை ஆராயத் தொடங்கினார். உணவில் பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்தால், இரைப்பை அலை அலையாக அசைவது திரையில் நிழலாகத் தெரியும். பூனை அமைதியாக இருக்கும்வரை அலைகள் ஒழுங்காக ஓடின. அது கலவரம் அடைந்ததும் அலைகள் சட்டென்று நின்றன. தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தியதும் மீண்டும் தொடங்கின! ஆபத்து வேளையில் செரிமானம் அவசரமில்லை என்று உடம்பு அதை ஒத்திவைக்கிறது. தேர்வு நாள் காலையில் இட்லி இறங்காமல் தொண்டையிலேயே நிற்பதன் காரணம் இப்போது விளங்குகிறதா?

'ஈரற்குலை நடுங்கியது' என்பதற்கு வருவோம். கல்லீரல் நடுங்குவதில்லை. ஆனால் பயந்த வேளையில் அது சும்மாவும் இருப்பதில்லை. தன்னிடம் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைத்திருக்கும் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. ஓடும் தசைக்கு அதுவே எரிபொருள். பயத்துக்கும் ஈரலுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லும் தொடர் வேதியியல் பிறப்பதற்கு முன்பே நம் பேச்சில் இருந்தது என்று எண்ணும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. காரணத்தை அறிந்து சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஏதோ நிகழ்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். உணர்ந்தது உண்மை.

ஆனால் உணர்ந்தது உண்மையாக இருந்தாலும், அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறிப்போகலாம். இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு அரிசிச் சோதனை. திருட்டுப் பழி சுமத்தப்பட்டவனை அரிசியை மென்று துப்பச் சொல்லும் வழக்கம் பழங்காலத்தில் இருந்தது. வடமொழித் தரும நூல்கள் சிலவற்றிலும் அரிசியை மெல்லும் சோதனை கூறப்பட்டுள்ளது. அரிசி உலர்ந்து வந்தால் அவன் திருடன். ஈரமாக வந்தால் நிரபராதி. பயந்தவனுக்கு உமிழ்நீர் சுரக்காது என்ற கவனிப்பு சரியே. ஆனால் பயப்படுபவன் திருடன் மட்டும்தானா? ஊர்க்கூட்டத்தின் நடுவே நிறுத்தப்பட்ட ஏழை நிரபராதிக்கும் நாக்கு வறளாதா? அரிசி அறிவித்தது பயத்தை. பயத்தின் காரணத்தை அன்று.

அமெரிக்காவின் பெர்க்லியில் ஜான் லார்சன் 1921 இல் உருவாக்கிய 'பொய் கண்டறியும் கருவி'க்கும் இதே குறை உண்டு. அது இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் அளக்கிறது. பின்வந்த கருவிகள் வியர்வையையும் அளக்கின்றன. பொய்யை எதுவும் அளப்பதில்லை. ஒருவரது சம்மதமின்றி இச்சோதனையை நடத்தக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010 இல் தீர்ப்பளித்தது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்.

2. கண்ணுக்கு

நாம் கண்ணால் பார்க்கிறோம் என்று சொல்கிறோம். உண்மையில் கண் ஒளியைப் பெற்றுத் தருகிறது. 'இது இன்னது' என்று முடிவு கட்டுவது மூளை. அரைகுறைச் செய்தி வந்தாலும் மூளை காத்திருப்பதில்லை. மிச்சத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

மாலை மங்கலில் வழியில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று எண்ணித் துள்ளிக் குதிப்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. இந்தியத் தத்துவ ஆசிரியர்கள் மயக்கத்தை விளக்க எடுத்துக்கொண்ட உவமையும் இதுதான். இது மூளையின் குறையா? சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கயிற்றைப் பாம்பென்று எண்ணினால் நட்டம் ஒரு துள்ளல். பாம்பைக் கயிறென்று எண்ணி மிதித்தால் நட்டம் உயிர்! பத்து முறை வீணாகத் துள்ளினாலும், ஒரு முறை தப்பினால் இலாபமே. அப்படித் துள்ளியவர்களே பிழைத்துப் பிள்ளை பெற்றனர். அவர்கள் வழிவந்தவர்கள் நாம். மூளையின் உட்பகுதியில் வாதுமைக் கொட்டை வடிவில் உள்ள அமிக்டலா என்னும் பகுதி இத்தகைய அபாய அறிவிப்பில் முக்கியப் பங்கு வகிக்கிறது. 'அது கயிறு' என்று நாம் தெளிவாக அறிவதற்கு முன்பே கால் துள்ளிவிடுகிறது.

பாம்பைப் போலவே நம் மூளை தேடித் தேடிக் காணும் இன்னொன்று முகம். இரண்டு புள்ளிகளையும் கீழே ஒரு கோட்டையும் போடுங்கள், முகம் தெரியும். மேகத்தில், சுவரின் கறையில், பிளக் பாயின்டின் மூன்று துளைகளில்கூட முகம் தெரிகிறது. 1976 ஜூலை 25 அன்று 'வைக்கிங் 1' விண்கலம் செவ்வாய்க் கோளைப் படம் எடுத்தபோது, அதில் பெரிய மனித முகம் ஒன்று வானைப் பார்த்துக் கிடந்தது! செவ்வாயில் வாழ்ந்தவர்கள் செதுக்கிய சிலை என்று பலர் எழுதினர். 1998 லும் 2001 லும் 'மார்ஸ் குளோபல் சர்வேயர்' விண்கலம் அதே இடத்தை மிகத் தெளிவாகப் படமெடுத்தது. அது ஒரு சாதாரணக் குன்று. முதற்படத்தில் கண்ணும் வாயுமாகத் தெரிந்தவை பெரும்பாலும் சாய்வெயிலின் நிழல்களே. ஆகவே, அரண்டவன் தோப்பில் ஒரு முகத்தைக் கண்டேன் என்றால் அவன் பொய் சொல்லவில்லை. முகத்தை வரைந்தது அவன் மூளை.

3. இருண்டதெல்லாம்

பழமொழி 'இருண்டதெல்லாம்' என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறது? ஏனெனில், இருட்டில் நம் கண் வேறு ஒரு கண்ணாக மாறிவிடுகிறது.

விழித்திரையில் இருவகைச் செல்கள் உள்ளன. கூம்பு செல்கள் பகலுக்கு உரியவை. நிறத்தையும் நுணுக்கத்தையும் தெரிவிப்பவை இவையே. ஒரு கண்ணில் சுமார் 50 லட்சம் உண்டு. கோல் செல்கள் மங்கிய ஒளிக்கு உரியவை. சுமார் 10 கோடி உண்டு. கோல் செல்களுக்கு நிறம் தெரியாது. விளிம்புகளையும் அவை கூர்மையாகக் காட்டுவதில்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தபின் கண் முழுமையாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும்.

இன்னொரு விந்தையும் உண்டு. நாம் நேராக உற்றுப் பார்க்கும்போது உருவம் விழும் மையக் குழியில் கோல் செல்களே இல்லை. ஆகவே இருட்டில் ஒரு மங்கிய உருவம் கடைக்கண்ணில் தெரியும். திரும்பி நேராகப் பார்த்தால் மறைந்துவிடும்! "ஓரத்தில் நின்றது, திரும்பினேன், காணோம்" என்று பேய்க் கதைகளில் வருவதை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! இதை நீங்களே சோதிக்கலாம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் வானம் தெளிந்த இரவில் கார்த்திகை விண்மீன் கூட்டத்தை நேராகப் பார்த்து எண்ணுங்கள். பிறகு சற்று ஓரமாகப் பார்வையை வைத்து எண்ணுங்கள். மங்கிய மீன்கள் இரண்டாம் முறை நன்றாகத் தெரியும்.

மற்றொரு சோதனை. முற்றும் இருட்டாக்கிய அறையில், பெரியவர் ஒருவர் உடன் இருக்க, ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி நிலையாக நட்டுவையுங்கள். நான்கைந்து அடி தள்ளி அமர்ந்து அந்தச் செம்புள்ளியை மட்டும் ஓரிரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நிலையாக இருக்கும் புள்ளி மெல்ல நகரத் தொடங்கும்! சுற்றிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பொருள் தெரியாததாலும், நம்மை அறியாமல் விழிகள் சிறிது சிறிதாக அசைந்துகொண்டே இருப்பதாலும் இவ்வாறு தோன்றுகிறது.

துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த உளவியலார் முசாபர் ஷெரீப் 1935 இல் இதையே கொண்டு வேறொரு சோதனை நடத்தினார். இருட்டறையில் தனித்தனியே பார்த்தவர்களிடம், "ஒளி எவ்வளவு தூரம் நகர்ந்தது?" என்று கேட்டார். ஆளுக்கு ஓர் அளவு சொன்னார்கள். பிறகு அவர்களைச் சேர்த்து உட்காரவைத்து, உரக்கச் சொல்லச் செய்தார். விரைவில் எல்லோருடைய விடையும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்துவிட்டது. ஒளியோ அசையவே இல்லை!

'ஊரே பார்த்தது, எல்லோரும் பொய் சொல்வார்களா?' என்று கேட்பவருக்கு இதுவே விடை. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் சொல் மற்றவர் பார்வையைத் திருத்தி அமைத்துவிட்டது. ஆதலால் எண்ணிக்கை மட்டுமே சான்றாகாது. ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன் தனித்தனியே என்ன கண்டார்கள் என்பதே நமக்கு வேண்டிய சான்று.

4. பேய்

கண் திறந்திருக்கிறது. அறை தெரிகிறது. கையை அசைக்க முடியவில்லை, குரல் எழவில்லை. மார்பின்மேல் யாரோ ஏறி அமர்ந்து அழுத்துகிறார்கள். நம் ஊரில் இதை 'அமுக்குவான் பேய்' என்பார்கள். ஜப்பானியர் 'கனாஷிபாரி' என்கிறார்கள். உலோகத்தால் கட்டுண்டது போன்ற நிலை என்பது அதன் பொருள். கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில் 'கிழச் சூனியக்காரி' வந்து அமர்ந்ததாகச் சொல்வார்கள். ஹென்றி பியூசெலி என்னும் ஓவியர் 1781 இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், உறங்கும் பெண்ணின் மார்பின்மேல் ஒரு குறளிப் பிசாசு குந்தியிருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாட்டினர் ஒரே அனுபவத்தைச் சொல்கிறார்கள் என்றால் அது கட்டுக்கதையாக இருக்க முடியாது. அவர்கள் எல்லோருக்கும் பொதுவானது எது? மனித உடம்பு!

1953 இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதேனியல் கிளைட்மனும் ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டனர். தூக்கத்தின் சில கட்டங்களில் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசைகின்றன. அப்போது எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். 1959 இல் பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ழுவே பூனைகளை ஆராய்ந்து, அந்தக் கட்டத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து செயலற்றுப் போவதைக் காட்டினார். இது ஒரு பாதுகாப்பு. இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து எழுந்து ஓடி முட்டிக்கொள்வோம்!

சில வேளைகளில் விழிப்பு முந்திக்கொள்கிறது. தசைப்பூட்டு திறக்கச் சற்றுத் தாமதமாகிறது. மனம் விழித்துவிட்டது, உடம்பு இன்னும் பூட்டியிருக்கிறது, கனவும் முழுதாகக் கலையவில்லை. ஆழ மூச்சிழுக்க முயன்றால் மார்புத் தசை ஒத்துழைப்பதில்லை. உதரவிதானம் மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. அதுவே மார்பின்மேல் பாரமாகத் தோன்றுகிறது. பயத்தில் அபாய மணி அடிக்க, கனவு அதற்கு ஓர் உருவம் கொடுக்கிறது. சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானே விலகிவிடும். இதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர். 35 ஆய்வுகளைத் தொகுத்து 2011 இல் வெளியான கணக்கின்படி, பொதுமக்களில் 100 க்கு சுமார் 8 பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள். மாணவர்களில் 100 க்கு சுமார் 28 பேர்! மாணவர்களிடம் ஏன் மிகுதி? தூக்கம் கெடுவது ஒரு முக்கியக் காரணம். தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழிப்பதும், நேரம் தவறி உறங்குவதும், மல்லாந்து படுப்பதும் இதற்கு இடம் கொடுக்கும். ஒழுங்கான நேரத்தில் உறங்குவதே முதல் மருந்து. அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கேரளத்தில் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராகப் பணிபுரிந்த ஆபிரகாம் கோவூர் (1898-1978) பேய் என்று சொல்லப்பட்ட பல நிகழ்ச்சிகளை நேரில் சென்று ஆராய்ந்தார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புத ஆற்றலை நிரூபிப்பவருக்கு 1 லட்சம் ரூபாய் தருவதாக 1963 இல் அறிவித்தார். அவர் மறையும்வரை அப்பரிசை யாரும் பெறவில்லை.

பெயர் தவறினால் என்ன நட்டம்?

"பேய் என்றே வைத்துக்கொள்வோமே, யாருக்கு என்ன நட்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். கயிற்றைப் பாம்பென்று எண்ணுவதில் நட்டமில்லை என்று நாமே கணக்குப் போட்டோம் அல்லவா?

துள்ளுவதோடு நின்றால் நட்டமில்லை. துள்ளியபின் விளக்கை எடுத்து வந்து பார்க்காமலேயே இருந்துவிட்டால்தான் நட்டம். வலிப்பு வந்தவருக்கும், குரல்கள் கேட்பதாகச் சொல்பவருக்கும், காரணமின்றி அழுபவருக்கும் 'பேய் பிடித்துவிட்டது' என்று பெயர் சூட்டிவிட்டால், அவர்கள் மருத்துவரிடம் போக வேண்டிய மாதங்களும் ஆண்டுகளும் வீணாகின்றன. சில வேளைகளில் அதைவிடக் கொடியதும் நேர்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். ஆபத்தில் ஓடுவதற்காக இயற்கை தந்த அத்தனை ஆயத்தமும் அவர்கள் உடம்பிலும் அன்று நிகழ்ந்திருக்கும். காலில் சங்கிலி இருந்தது.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மன நோயாளரை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடை விதித்துள்ளது. ஏர்வாடி தர்காவுக்கு வருவோர் வழிபாட்டோடு மருத்துவமும் பெறுவதற்கு 'தவா துவா' என்னும் திட்டம் பின்னர் வந்தது. துவா என்றால் பிரார்த்தனை. தவா என்றால் மருந்து. பிரார்த்தனை ஆறுதல் தரலாம். மருந்து வேண்டிய நோய்க்கு மருந்தும் வேண்டும். மனத்துயர் உள்ள எவரும், மாணவர்கள் உட்பட, 14416 என்ற இலவச எண்ணில் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட சேவை இது. உங்கள் தெருவில் யாரையாவது 'பேய் பிடித்தவர்' என்று சொன்னால், "மருத்துவர் பார்த்தாரா?" என்று கேளுங்கள். சிறு கேள்விதான். ஆனால் அந்த வீட்டில் அதைக் கேட்ட முதல் ஆள் நீங்களாக இருக்கலாம்.

இன்னும் விளங்காதவை

அப்படியானால் அறிவியலுக்கு எல்லாம் விளங்கிவிட்டதா? இல்லை. சதுப்பு நிலங்களில் இரவில் தோன்றி அலைவதாகச் சொல்லப்படும் ஒளியை நாம் 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்கிறோம். சேற்றில் மட்கும் தாவரங்களிலிருந்து எரியும் வாயு வருகிறது என்பது உறுதி. இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்டா 1776 இல் மேகியோரே ஏரிச் சேற்றிலிருந்து அதைச் சேகரித்து ஆராய்ந்தார். மீத்தேன் என்று இன்று நாம் சொல்வது அதுவே. ஆனால் நெருப்பு வைப்பார் இன்றி அது எப்படிப் பற்றுகிறது என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது.

உணர்ச்சியிலும் விடுபடாத புதிர்கள் உண்டு. பயந்ததால் நடுங்குகிறோமா, நடுங்குவதால் பயத்தை உணர்கிறோமா? அமெரிக்க உளவியலார் வில்லியம் ஜேம்ஸ் 1884 இல் இரண்டாவதே சரி என்றார். நாம் முன்பு சந்தித்த வால்டர் கேனன் 1927 இல் அதை மறுத்தார். உணர்ச்சி பிறப்பதில் உடம்புக்கும் மூளைக்கும் உள்ள பங்கு பற்றிய ஆராய்ச்சி இன்றும் தொடர்கிறது. இனிய நாதசுர இசை கேட்கும்போது பயமே இல்லாமல் மயிர் சிலிர்ப்பது ஏன்? இதற்கும் முடிவான விடை இல்லை.

'இன்னும் விளங்கவில்லை' என்பதும் ஒரு விடைதான். 'விளங்கவில்லை, ஆகவே பேய்' என்பது விடையாகாது. அச்சம் தரும் எதையாவது கண்டால் மூன்று கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: நான் கண்டது என்ன? ("பேயைக் கண்டேன்" என்று எழுதக் கூடாது. "வெள்ளையாக, ஆள் உயரத்தில், அசையும் ஒன்றைக் கண்டேன்" என்று எழுத வேண்டும்.)

இரண்டு: அப்போது என் நிலை என்ன? (வெளிச்சம் எவ்வளவு? தூக்கக் கலக்கமா? சற்று முன் யாராவது கதை சொன்னார்களா?)

மூன்று: வேறு எதனால் அப்படித் தோன்றியிருக்கலாம்? அதைச் சோதிக்க என்ன செய்யலாம்?

பெரும்பாலான பேய்கள் இரண்டாம் கேள்விக்குள்ளேயே மறைந்துவிடும். மறையாமல் எஞ்சுபவை இருந்தால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்து யோசிப்போம்.

பயிற்சி

1. பயம், கோபம், மகிழ்ச்சி, துக்கம் ஆகியவற்றைக் குறிக்க உங்கள் ஊரில் வழங்கும் தொடர்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுக்கவும். ஒவ்வொன்றும் உடம்பின் எந்த உறுப்பைச் சொல்கிறது? அந்த உறுப்பில் உண்மையில் என்ன மாற்றம் நிகழ்கிறது?

2. நண்பர்கள் நால்வர் ஊதுவத்திச் சோதனையைச் செய்யவும். முதலில் ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒளி எத்திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று தனித்தனியே எழுதவும். பிறகு சேர்ந்து பேசிக்கொண்டே பார்க்கவும். இரு முறையும் கிடைத்த விடைகளை ஒப்பிடவும்.

3. அரிசிச் சோதனையில் ஒரு நிரபராதி எவ்வாறு தண்டிக்கப்படலாம்? ஒரு திருடன் எவ்வாறு தப்பலாம்? காரணத்துடன் விளக்கவும்.